தொலைந்துபோன நடனத்தை மறுபடி ஆட: முதலில் வாயால் எண்ணுங்கள்

யூடியூபை மூடிவிட்டு ஆரம்பியுங்கள். அடுத்தவர் மீட்டெடுத்த வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அது உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உங்கள் கற்பனை எது, அவர்களுடையது எது என்று பிரிக்கவே முடியாது.

நான் பழக எடுத்துக்கொண்டது ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த 'தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்' பாலே. 1913 மே 29 அன்று பாரிஸில் கூச்சலுக்கு நடுவே அரங்கேறி, பத்து முறைகூட ஆடப்படாமல் நின்றுபோன நடனம். 1920-இல் மறுபடி மேடையேற்ற நினைத்தபோது யாருக்கும் சரியாக நினைவில்லை, மஸ்ஸீன் என்ற வேறொரு நடன அமைப்பாளர் புதிதாக ஒன்றை அமைத்தார். இதற்கு இசையமைத்த ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை மட்டும் முழுசாக இருக்கிறது. அதனால் இசையில்தான் கை வைக்க வேண்டும்.

திரை தூக்கும் இடத்தை எடுங்கள். கம்பி வாத்தியங்கள் ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, திரும்பத் திரும்ப அடிக்கும். எட்டு பார் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டம்), பாருக்கு நான்கு வீதம் 32 அடி. அழுத்தம் விழுவது 10, 12, 18, 21, 25, 30-ஆவது அடிகளில். ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வேகமாக எண்ணிப் பாருங்கள், பதினெட்டு வருவதற்குள் நாக்கு பின்தங்கிவிடும். ரஷ்ய மொழியிலும் பத்துக்கு மேல் எண்கள் நீளம்தான். அரங்கேற்றத்தன்று நிஜின்ஸ்கி பக்கத்திரைக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக் கத்தி எண்ணினாராம், பாவம். நமக்குத்தான் சொற்கட்டு இருக்கிறதே. 9, 2, 6, 3, 4, 5, 3 என்று உடையுங்கள். முதல் ஒன்பது அழுத்தமில்லாமல் போகும், அப்புறம் ஒவ்வொரு தொகுதியின் முதல் அடியிலும் அழுத்தம். மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. இது வாயில் ஏறாமல் காலைத் தூக்காதீர்கள்.

அடுத்தது தடயங்கள். ஒத்திகையில் நிஜின்ஸ்கிக்கு உதவிய மேரி ராம்பெர் பியானோ இசைத்தாளில் (நோட்டில்) எழுதிவைத்த குறிப்புகள், ஓவியர் வாலன்டின் கிராஸ் வரைந்த கோட்டுப்படங்கள், ரோரிக் வடிவமைத்த உடைகள், அந்தக் காலத்து விமர்சனங்கள் என்று எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. மில்லிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் பல வருடம் இவற்றைத் தேடிச் சேர்த்துத்தான் 1987-இல் ஜாஃப்ரி பாலே என்ற அமெரிக்கக் குழு மூலம் மேடையேற்றினார்கள். அதையும் முழுசாக ஏற்காத வரலாற்றாளர்கள் உண்டு. ஆகவே நோட்டின் ஜெராக்ஸ் ஒன்றில் மூன்று நிறப் பென்சிலால் குறியுங்கள்: சாட்சி இருக்கும் அசைவு சிவப்பு, ஊகித்தது நீலம், நீங்களே போட்டது பச்சை. என் தாளில் பச்சைதான் அதிகம், வெட்கப்படவில்லை.

உடம்புக்கு வருவோம். பாதங்கள் உள்நோக்கித் திரும்பி, முட்டி ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அரைமண்டிக்கு நேர் எதிர். பரதம் பழகியவர்களுக்கு முதல் வாரம் தன்னையறியாமல் கால் வெளியே திரும்பிக்கொண்டே இருக்கும், எனக்கும் அப்படித்தான், கண்ணாடி முன்னால் நின்று திருத்தினேன். ரொம்ப நேரம் குதிக்காதீர்கள், முட்டி வாங்கிவிடும். ஒத்திகையை டைட்ஸில் செய்யாமல் கனமான நீள அங்கியில் செய்து பாருங்கள், பாரம் இருந்தால்தான் கால் தரையைத் தேடும்.

கடினமான இடம், கதையில் வசந்தத்துக்குப் பலியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுடையது. மற்றவர்கள் சுற்றி ஆட ஆட, அவள் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும், அப்புறம்தான் முட்டி நடுங்க ஆரம்பித்து ஆட்டம். அந்த நிற்பதை மட்டும் தனியாகப் பத்து நாளாவது பழகுங்கள். கை சும்மா இருக்காமல் ஏதாவது செய்யத் துடிக்கும், விடாதீர்கள்.

மேடையேற்றினால் நோட்டீஸில் 'மீட்டெடுப்பு' என்று போடாதீர்கள், 'மறுகற்பனை' என்று போடுங்கள். இசை உரிமையையும் முன்கூட்டியே விசாரியுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கி இறந்தது 1971-இல்தான், ஒலிப்பதிவுக்கு உரிமை தனி.