கானாவில் வளர்ச்சிப் பணி செய்யும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கானாவில் பொருளாதார, சமூக வளர்ச்சிக்காக உழைக்கும் அமைப்பு ஒன்றுக்கு உதவ விரும்புவோர், அது 2019ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்பதையும், இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான அரசுச் செயலகத்தின் அங்கீகாரம் பெற்றுள்ளதா என்பதையும் முதலில் சரிபார்க்க வேண்டும். ஆனால் சான்றிதழைவிட முக்கியமானது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே. 1993இல் தொடங்கப்பட்ட குவாப்பா கோக்கூ என்ற கொக்கோ விவசாயிகள் கூட்டுறவில், ஊர்ச் சங்கத்தினர் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உலர்த்திய கொக்கோவை அவரே எடைபோட்டுப் பதியும்படி செய்தார்கள். எடையில் ஏமாற்றப்பட்டுவந்த விவசாயிகளுக்கு இது உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. விவசாயிகளுக்கு நியாயமான விலை கிடைக்கச் செய்யும் நியாய வணிக (Fairtrade) முறையில் கிடைத்த கூடுதல் தொகையில் கிணறுகளும் பள்ளிகளும் அமைந்தன. ஆகவே, நீங்கள் அணுகும் அமைப்பின் பொறுப்பாளர்களை உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்களா என்று விசாரித்து, தணிக்கை செய்யப்பட்ட கணக்கறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள்.