நாலு யுனிக்ஸ், ஒரு லப்டொப்: திருகோணமலையில் இருந்தபடி தெரிவு செய்ய

வின்டோஸ் லப்டொப்பில் யுனிக்ஸ் வகை இயங்குதளங்கள் நாலை லைவாக, அதாவது நிறுவாமல் பென்ட்ரைவிலிருந்தே, ஓட்டிப் பார்த்துப் பிடித்ததைத் தெரிவு செய்யலாம். 64 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றில் வென்டோயை நிறுவுங்கள், ஒரே பென்ட்ரைவிலிருந்து பல இயங்குதளங்களைப் பூட் பண்ண உதவும் கருவி அது. உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலே எடுத்து வையுங்கள். பிறகு அந்த இயங்குதளங்களின் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா கொப்பி பண்ணினால் போதும். பூட் ஆகும்போது பட்டியலாக வரும். டெபியன் லைவ் மட்டுமே 3 ஜிபி அளவு. நிலாவெளிப் பக்கமோ வேறெங்கோ சிக்னல் விட்டுவிட்டு வந்தால் டொரண்டில் இறக்குங்கள், அறுந்தாலும் விட்ட இடத்தில் தொடரும். பிரவுசரில் இறக்கியதென்றால் கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். பாதி கெட்ட கோப்பும் பூட் ஆகும், நடுவில்தான் தொங்கும்.

பென்ட்ரைவிலிருந்து பூட் ஆக, செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுத்த வேண்டி வரலாம். வின்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்த பிறகே அதில் கை வையுங்கள்.

டெபியன், வொய்ட், அல்பைன், கோஸ்ட்பிஎஸ்டி: இந்த நாலும் தொடங்கப் போதும். முடிந்தவரை எல்லாவற்றிலும் எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளத்தையே போடுங்கள். இல்லாவிட்டால் வோல்பேப்பரைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கோஸ்ட்பிஎஸ்டியை வென்டோயில் போடாமல் வேறொரு பென்ட்ரைவில் நேரடியாக எழுதுவது தொல்லை குறைவு. அதை வின்டோஸில் செருகினால் ஃபோர்மட் பண்ணவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒவ்வொன்றையும் பூட் பண்ணி மூன்றைப் பாருங்கள். முதலில் வைஃபை. பிடிக்காவிட்டால் போனை வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள், லினக்ஸ் பெரும்பாலும் அதை ஈதர்நெட் அட்டையாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்து மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள். உறங்கி எழாத லப்டொப்போடு குடித்தனம் நடத்த முடியாது. மூன்றாவது தமிழ்: ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் தமிழ்99 மட்டுமல்ல, நம்மூர் இரங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். 'ஸ்ரீ', 'கௌ', 'க்ஷ' மூன்றையும் அடித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை, நோட்டோ தமிழை நிறுவுங்கள்.

லைவில் ஓடவிட்டு வின்டோஸுக்குத் திரும்பினால் மணி ஐந்தரை மணித்தியாலம் பின்னே நிற்கலாம். பற்றரி பழுதில்லை. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, வின்டோஸ் இலங்கை நேரம் என்கிறது.

உண்மையான வேறுபாடு கட்டளை வரியில்தான் தெரியும். அல்பைனில் வெளியிலிருந்து கொண்டுவந்த நிரலை ஓட்டினால், கோப்பு கண்முன்னே இருக்க 'அப்படியொன்று இல்லை' என்று பதில் வரும். பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் அங்கே கிடையாது, அதற்குப் பதில் மஸல்தான். இல்லை என்று சொல்லப்படுவது அந்த நிரல் தேடும், அதை ஏற்றித் தொடக்கும் லோடர். கோஸ்ட்பிஎஸ்டி பின்பற்றும் ஃபிரீபிஎஸ்டி வழியில் அடிப்படைத் தொகுதியில் பேஷ் என்ற கட்டளை ஷெல் கிடையாது, 'செட்' (sed) கட்டளையும் சற்று வேறு. டெபியனில் எழுதிய ஸ்கிரிப்டுகள் அங்கே இடறும். எரிச்சலாக இருந்தாலும் அடிப்படைத் தொகுதியும் நீங்கள் நிறுவியவையும் தனித்தனியே கிடக்கும் ஒழுங்கை ஒருமுறை பழகியவர் விடமாட்டார்.

பிடித்ததை ஒரு பழைய வன்தட்டில் நிறுவி இரண்டு வாரம் அதிலேயே வேலை செய்யுங்கள். இன்னொரு பிஎஸ்டியான ஓப்பன்பிஎஸ்டியும் பார்க்க ஆசையென்றால் லப்டொப்பில் பாருங்கள். அதன் கோப்பமைப்பில் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜேர்னல் இல்லை. மாரி மழையில் கரண்ட் போய்வந்தால் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி வட்டைச் சரிபார்த்துக்கொண்டே கிடக்கும், சிலவேளை உங்களையே கட்டளை அடிக்கச் சொல்லும்.