பயாப்ஸி திசு லேபுக்குப் போகும் முன் நேரும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில் பயாப்ஸிக்காக, அதாவது நோயைக் கண்டறிவதற்காக, உடலிலிருந்து எடுக்கப்படும் திசு, பல சமயங்களில் உறவினர் கையில் பஸ் ஏறித்தான் மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறது. எடுத்த இடத்திலேயே கெட்டுப்போன திசுவை எவ்வளவு பெரிய லேபாலும் மீட்க முடியாது.

அங்கே நேரும் தவறுகளுள் மிக வருத்தம் தருவது, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் கைவசம் இல்லையென்று அதைச் சலைனில் (உப்புக் கரைசலில்) போட்டு அனுப்புவதாகும். சலைன் ஈரத்தைக் காக்குமே தவிர, செல்கள் தம் நொதிகளாலேயே சிதைவதைத் தடுக்காது. சித்திரை வெயிலில் அந்தச் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும். தேவைப்படுவது அமிலத்தன்மை சமன்செய்யப்பட்ட 10 சதவீத ஃபார்மலின். அதுவும் திசுவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில்தான் உள்ளே ஊடுருவும் என்பதால், பெரிய கட்டியை முழுதாக அமிழ்த்தி வைத்தால் வெளிப்புறம் இறுகியிருக்க, நடுப்பகுதி அழுகிவிடும். ஃபார்மலின் உள்ளே போக எங்கே கீறலாம் என்பதை, திசுவைச் சோதிக்கும் நோயியல் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. மார்பகத் திசுவாக இருந்தால் 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் சேர்க்க வேண்டும். தாமதித்தால், புற்றுநோய்க்கு ஹார்மோன் சார்ந்த மருந்து பயன்படுமா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டக்கூடும், அப்போது அந்தப் பெண்ணுக்கு உரிய மருந்தே கிடைக்காமல் போகலாம்.

குறுகிய வாயுள்ள பாட்டில் வேண்டாம்; மென்மையாக உள்ளே போன திசு, இறுகியபின் வெளியே வராது. உலர்ந்த பஞ்சில் சுற்றுவதும், இடுக்கியால் நசுக்குவதும், ஃப்ரீசரில் வைப்பதும் செல்லின் உருவத்தையே குலைத்துவிடும்.

எல்லாத் திசுவும் ஃபார்மலினுக்குப் போக வேண்டியதில்லை என்பதும் மறக்கப்படுகிறது. காசநோய் சந்தேகமுள்ள கழுத்து நெறிக்கட்டியில் ஒரு பகுதியைக் கிருமிநீக்கிய சலைனில் தனியே அனுப்பாவிட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய வழியில்லை, ஏனெனில் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அறுவையின் நடுவே லேபில் திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கும் ஃபார்மலின் படாத திசுவே வேண்டும்.

ஐயா பெயரைப் பேரனுக்கும் ஆயா பெயரைப் பேத்திக்கும் வைக்கும் செட்டிநாட்டில், ஒரே வார்டில் இரண்டு மெய்யப்பன்களோ இரண்டு உமையாள்களோ இருப்பது அரிதன்று. ஆகவே பெயரோடு வயது, மருத்துவமனை எண், உறுப்பு, இடமா வலமா என்பவற்றையும் பாட்டிலின் உடலில் எழுத வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால், லேபில் மூடிகள் கழன்றபின் எது யாருடையது என்று தெரியாது. உறவினரிடம் கொடுக்கும்போது பாட்டிலைக் கசியாத பையில் நிமிர்த்தி வைத்து, வழியில் திறக்கக் கூடாது, சாப்பாட்டுப் பையோடு சேர்த்து வைக்கக் கூடாது, அன்றே ஒப்படைத்துவிட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.