பிள்ளைகளுக்கு முதலுதவி கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளை மண்டபத்தில் மொத்தமாக உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் ஒன்றும் மனதில் தங்காது. ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சிப் பொம்மை முன்னால் முட்டி போட்டு, முழங்கையை மடக்காமல், மூச்சு நின்றவருக்குச் செய்வதுபோல நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஆள் மாற்றுவது எதற்கென்று அப்போதுதான் புரியும். பொம்மை கிடைக்கவில்லை என்று கூடப் படிக்கிற பையனைப் படுக்கவைத்து அமுக்காதீர்கள், ஆபத்து.

பாடப் புத்தக வரிசையை அப்படியே பிடித்துக்கொள்வதும் தவறு. மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு முதலில் தேவை கிணறு, கண்மாய், பாம்பு. நீச்சல் தெரிந்த பிள்ளைதான் யோசிக்காமல் குதிக்கும். மூழ்குகிறவர் இறுக்கிப் பிடித்தால் இரண்டு உயிரும் போகும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப்பக்கம் கண்மாய் என்று வைத்துக்கொண்டு, கயிறு, சேலை, மூடி போட்ட காலி கேன் எல்லாம் வீசிப் பழக்குங்கள். இழுக்கும்போது கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். கரையேற்றியவரைத் தலைகீழாகச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் ஊதி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வீட்டுப் பெரியவர்களை விட்டுவிடுவது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இது பிள்ளைக்குத் தெரியும். ஆனால் வயக்காட்டில் தாத்தா துண்டை உருவி இறுக்கும்போது, "சும்மா இருடா, உனக்கென்ன தெரியும்" என்ற ஒரே அதட்டலில் படித்ததெல்லாம் அடங்கிப்போகும். பலனில்லாமல் வலிப்பு வந்தவர் கையில் பெரியவர்கள் சாவியைத் திணிக்கிறபோதும் இதே கதைதான். அதனால் ஒரு வகுப்பாவது அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியோடு நடக்கட்டும். "தாத்தா, கட்டாதீங்க, கால் போயிரும். 108-க்குப் போன் போடுங்க" என்று பிள்ளை உரக்கச் சொல்லிப் பழகட்டும். மரியாதைக் குறைவு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்கு மறுபடி போங்கள். அதற்குள் கை பழக்கத்தை மறந்திருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் சில உயிர்கள் நிற்காது, அது உன் குற்றமில்லை என்பதையும் முதல் வகுப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.