வாகன உற்பத்தியாளரிடமிருந்து உள் ஆவணங்களைப் பெறுவது எப்படி: கலிஃபோர்னியாவின் குறையுள்ள வாகன வழக்குகள்

கலிஃபோர்னியாவின் சாங்-பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கும் வாகன உரிமையாளர், வாரண்டிக் காலத்தில் போதிய வாய்ப்புகள் அளித்தும் குறை சரிசெய்யப்படவில்லை என்பதைத் தம்மிடம் உள்ள ரிப்பேர் ஆர்டர்களைக் கொண்டே பெரும்பாலும் நிறுவிவிடலாம். ஆனால் வாகனத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமை இருப்பது தெரிந்தும் உற்பத்தியாளர் வேண்டுமென்றே மறுத்தார் என்று காட்டினால், இழப்பின் இரு மடங்கு வரை கூடுதல் அபராதம் கேட்க முடியும். உற்பத்தியாளருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதற்கான சான்றோ அவருடைய கணினிகளிலேயே இருக்கிறது. இவ்வகை வழக்குகளில் ஆவணங்களைப் பற்றிய தகராறு இவ்வளவு கடுமையாக நடப்பதற்கு இதுவே காரணம்.

எதிர்த்தரப்பிடம் கேட்பதற்கு முன், கேட்காமலேயே கிடைப்பதைத் திரட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு வந்த புகார்கள், ரீகால் (குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தல்) அறிக்கைகள், டீலர்களுக்கு உற்பத்தியாளர் அனுப்பிய சேவை அறிவிப்புகள் ஆகியவற்றைத் தேடலாம். ஒரு சேவை அறிவிப்பின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால், அது வெளிவருவதற்கு முன் நடந்த விசாரணையின் கோப்பைக் குறிப்பிட்டுக் கேட்க முடியும். பொத்தாம்பொதுவான கோரிக்கையை மறுக்கும் வழக்கறிஞருக்கு, எண் குறிப்பிட்ட கோரிக்கையை மறுப்பது அவ்வளவு எளிதல்ல.

அடுத்து, எந்த நடைமுறை பொருந்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இவ்வகை வழக்குகளின் நடைமுறைக்காக 2024-இல் இயற்றப்பட்டு 2025-இல் திருத்தப்பட்ட சட்டத்துக்கு உட்படச் சம்மதித்த உற்பத்தியாளர் என்றால், அவர் பதில் மனு தாக்கல் செய்த 60 நாட்களுக்குள் சட்டம் வரையறுத்த ஆவணங்களை இரு தரப்பும் பரிமாறிக்கொள்ள வேண்டும். மத்தியஸ்தம் முடியும் வரை பிற ஆவணக் கோரிக்கைகள் பொதுவாக நிறுத்திவைக்கப்படும். சம்மதிக்காத உற்பத்தியாளருக்கு வழக்கமான உரிமையியல் நடைமுறையே பொருந்தும். கீழே வருவது அந்த வழக்கமான நடைமுறை.

கோரிக்கையை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான தகராறுகளின் வெற்றி தோல்வி தீர்மானமாகிறது என்பது என் கருத்து. "இந்த மாடலின் குறைகள் தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால், அது மிக விரிந்தது என்ற ஆட்சேபணையை நாமே எதிர்த்தரப்புக்கு எழுதிக்கொடுத்தது போல் ஆகும். மாறாக, ரிப்பேர் ஆர்டரில் பதிவான அறிகுறியை அதே சொற்களில் குறிப்பிட்டு, அதே ஆண்டு, அதே மாடல், அதே டிரான்ஸ்மிஷன் அல்லது எஞ்சின் என்று வரம்பிட்டு, கால எல்லையையும் சொல்லிக் கேட்க வேண்டும். மற்ற உரிமையாளர்களின் வாகனங்கள் இந்த வழக்குக்குத் தொடர்பற்றவை என்ற வாதம் கட்டாயம் வரும். அதே டிரான்ஸ்மிஷன் பொருத்திய பிற வாகனங்களில் ஏற்பட்ட பழுதுகளைப் பற்றிய சாட்சியத்தை, ஃபோர்ட் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2013-ஆம் ஆண்டிலேயே கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது அதற்குரிய பதில். வாகனத்தைத் திரும்ப வாங்குவது குறித்து முடிவெடுக்க நிறுவனம் வைத்திருக்கும் கொள்கைகளையும், இந்த ஒரு வாகனத்துக்காக வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எழுதிய குறிப்புகளையும் தனித்தனிக் கோரிக்கைகளாகவே கேட்பது நல்லது.

பாக எண்ணை மட்டும் நம்பிக் கேட்கக் கூடாது. ஓடும்போதே எஞ்சினை அணைத்துவிடக்கூடிய, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தில், 2006-இல் சுவிட்சின் வடிவமைப்பு மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தும் பாக எண் மாற்றப்படவில்லை. பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் வேறுவேறு என்பது ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஓர் உரிமையியல் வழக்கில், வாதித் தரப்பு நிபுணர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது வெளிப்பட்டது. 2014-இல் ரீகால் அறிவிக்கப்பட்டது. ஆகவே வடிவமைப்பு மாற்ற ஒப்புதல்கள், பாகம் வழங்கும் நிறுவனத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து, சோதனை அறிக்கைகள் ஆகியவற்றைப் பாகத்தின் பெயராலும் அதன் பணியாலும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கோரிக்கை சார்வு செய்யப்பட்டபின் (முறைப்படி எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கப்பட்டபின்) பதிலளிக்க எதிர்த்தரப்புக்கு 30 நாட்கள் உண்டு. சார்வு செய்யும் முறையைப் பொறுத்துச் சில நாட்கள் கூடும். பதிலே வராவிட்டால் அவர்களுடைய ஆட்சேபணைகள் எல்லாம் கைவிடப்பட்டவையாகும். பதில் வந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூன்றில் ஒன்று தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: ஆவணம் தருவதாக உறுதி, தர இயலாது என்ற கூற்று, அல்லது குறிப்பான ஆட்சேபணை. தர இயலாது என்பவர் முறையாகத் தேடிப் பார்த்ததாகவும், ஆவணம் எப்போதும் இருந்ததில்லையா, அழிந்ததா, வேறொருவரிடம் இருக்கிறதா என்பதையும் சொல்லியாக வேண்டும். "ஆட்சேபணைகளுக்கு உட்பட்டு, கிடைப்பவற்றைத் தருகிறோம்" என்ற வாசகம் எதைத் தடுத்துவைத்திருக்கிறது என்பதைச் சொல்லாததால், அதைப் பதிலாக ஏற்கக் கூடாது.

இங்கே ஒரு காலக்கெடு பலரைக் கவிழ்த்துவிடுகிறது. பதில் போதாது என்று கருதினால், சத்தியப் பிரமாணத்துடன் கூடிய பதில் சார்வு செய்யப்பட்ட 45 நாட்களுக்குள், மேலதிக பதில் கோரும் மனுவுக்கான அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்த உரிமை போய்விடும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் இந்தக் கெடு நிற்காது. எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டால், குறிப்பிட்ட ஒரு தேதியை எழுத்தில் பெற்ற பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். தருவதாக உறுதி கூறிவிட்டு ஆவணங்களைத் தராமல் இருப்பது வேறு விஷயம். அதற்கான மனு தனி, அதற்கு இந்த 45 நாள் வரம்பு இல்லை.

மனுவுக்கு முன், நேர்மையாகப் பேசித் தீர்க்க முயன்றதாக உறுதிமொழி தர வேண்டும். இதைச் சடங்காகக் கருதி, எல்லாக் கோரிக்கைகளுக்கும் ஒரே பத்தியை ஒட்டி அனுப்புவோர் உண்டு. அந்தக் கடிதம் பின்னிணைப்பாக நீதிபதியின் மேசைக்கே போகும் என்பதால், கோரிக்கை வாரியாக எழுதி, எங்கே சுருக்கிக்கொள்ளத் தயார் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, மின்னஞ்சல்களைத் தேடும் சொற்களையும், எந்தெந்தப் பொறியாளர்களின் அஞ்சல் பெட்டிகள் என்பதையும் முன்வைக்கலாம். சுமை அதிகம் என்று வாதிடுபவர், எவ்வளவு வேலை பிடிக்கும் என்பதைச் சான்றோடு காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1961-இலேயே கூறிவிட்டது. சுருக்கிய கோரிக்கைக்கு எதிராக அத்தகைய சான்றைத் திரட்டுவது கடினம்.

வணிக ரகசியம் என்ற ஆட்சேபணைக்காக அதிகம் போராட வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் நீதிமன்றம் (அங்குள்ள விசாரணை நீதிமன்றம்) ரகசியக் காப்பாணைக்கு, அதாவது ஆவணங்களை வழக்குக்கு வெளியே பகிரக் கூடாது என்ற ஆணைக்கு, மாதிரிப் படிவமே வைத்திருக்கிறது. அதில் கையெழுத்திட முன்வந்துவிட்டால் அந்த வாதம் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். வழக்கறிஞர் சலுகையை (வழக்கறிஞருடன் நடந்த கருத்துப் பரிமாற்றத்தை ரகசியமாக வைக்கும் உரிமையை) காரணம் காட்டினால், தடுத்துவைத்த ஆவணங்களின் பட்டியலைத் தேதி, எழுதியவர், பெற்றவர் விவரங்களுடன் கேட்க வேண்டும்.

மனுவில் ஒவ்வொரு கோரிக்கையையும், பதிலையும், ஏன் அந்த ஆவணம் தேவை என்பதற்கான காரணத்தையும் தனி அறிக்கையாக வரிசைப்படுத்த வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அந்த அறிக்கை குறைபாடாக இருந்தாலே மனுவைத் தள்ளுபடி செய்ய முடியும்.

உத்தரவு கிடைத்தபின், மறுப்பால் வந்த செலவை எதிர்த்தரப்பிடம் கேட்பதற்காகச் செலவுக் கணக்கைத் தேதிவாரியாக வைத்திருப்பது அவசியம். மோட்டார் ஹோம் விபத்தொன்றில் டயரின் வெப்பச் சோதனை முடிவுகளை கூட்இயர் நிறுவனம் தரவில்லை என்பது சமரசம் முடிந்த பிறகே தெரியவந்தது. எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்துக்காக 27 லட்சம் டாலர் செலுத்த ஃபெடரல் நீதிபதி உத்தரவிட்டார். 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த முறைகேடு இல்லாதிருந்தால் ஏற்பட்டிருக்காத கட்டணத்தை மட்டுமே நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் விதிக்கலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அது ஃபெடரல் விதி. ஆயினும் எந்த மறுப்பால் எந்தச் செலவு வந்தது என்று காட்டும் கணக்கு மாநில நீதிமன்றத்திலும் உதவும். ஒப்படைக்கப்பட்ட ஆவணங்கள் எந்தக் கோரிக்கை எண்ணுக்குரியவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை உடனே சரிபார்த்து, அவற்றில் பெயர் வரும் சோதனைகளும் கூட்டக் குறிப்புகளும் கைக்கு வந்தனவா என்று ஒவ்வொன்றாகத் தேடி, வராதவற்றின் பட்டியலோடு நிறுவனத்தின் பிரதிநிதியைச் சாட்சி விசாரணைக்கு அழைக்க வேண்டும்.