லேஅவுட் சாஃப்ட்வேர் டிசைன் பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தகம், பத்திரிகைப் பக்கத்துல எழுத்தையும் படத்தையும் அடுக்கி பேஜ் லேஅவுட் பண்றவங்க கண்ணு முழுசும் பேஜ் மேலதான் இருக்கும், ஓரத்துல எந்த டூல் ஆன்ல இருக்கு, பேனல்ல என்ன காட்டுதுன்னு யாரும் பாத்துட்டே வேலை செய்யுறதில்ல, கை பழக்கத்துல போயிட்டே இருக்கும். அதனாலதான் இந்த சாஃப்ட்வேர்ல ஒரே செயல் இடத்துக்கு இடம் மாறினா அடி பலமா விழுது. தப்பு நடந்தது அப்பவே தெரியாது, தாள்ல அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

இதுல பெரிய தப்பு கண்ணுக்குத் தெரியாத மோட், அதாவது சாஃப்ட்வேர் இருக்கிற நிலையைப் பொறுத்து ஒரே கீ வேற வேற வேலை செய்யுறது. அடோபியோட லேஅவுட் சாஃப்ட்வேரான இன்டிசைன்ல டெக்ஸ்டுக்குள்ள கர்சர் இல்லாதப்போ டபிள்யூ கீயைத் தட்டினா ப்ரிவ்யூ வரும், கர்சர் உள்ள இருந்தா அதே எழுத்து வாக்கியத்து நடுவுல போய் உக்காந்துக்கும், ப்ரூஃப் பாக்குறவங்க கண்ணுல படலன்னா அப்படியே புத்தகத்துக்குப் போயிடும். 1970கள்லயே ஸெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC) ஆராய்ச்சி மையத்துல லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஒரு பாடப்புத்தகப் பதிப்பகத்துக்காக ஜிப்ஸின்னு ஒரு எடிட்டர் பண்ணினப்போ இந்த மோட் தொல்லையை ஒழிக்கத்தான் பாத்தாங்க, டெஸ்லர் பிற்பாடு தன் கார் நம்பர் பிளேட்லயே 'நோ மோட்ஸ்'னு போட்டுக்கிட்டார். லேஅவுட்ல மோடே இல்லாம பண்றது கஷ்டம்னு எனக்கும் தெரியும், படமோ டெக்ஸ்டோ வைக்கிற கட்டமான ஃப்ரேமை நகர்த்துறது வேற, உள்ள இருக்கிற படத்தை நகர்த்துறது வேற. ஆனா இப்போ எந்த மோட்ல இருக்கோம்னு கண்ணு இருக்கிற இடத்துலயே காட்டுங்க, கர்சரோட வடிவத்துலயோ ஃப்ரேம் ஓரத்து கலர்லயோ.

அடுத்தது டிஃபால்ட், நாம எதுவும் சொல்லாட்டி சாஃப்ட்வேர் தானா எடுத்துக்கிற அமைப்பு. எதையும் செலக்ட் பண்ணாம ஃபான்ட் சைஸை மாத்தினா இன்டிசைன்ல அது அந்த டாக்குமென்டுக்கே டிஃபால்ட் ஆகிடும், எந்த ஃபைலும் திறக்காம மாத்தினா இனிமே திறக்கிற புது ஃபைல் எல்லாத்துக்கும். தெரிஞ்சவங்களுக்கு இது ரொம்ப உபயோகம்தான், தெரியாதவங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு எழுத்து ஏன் இப்படி வருதுன்னு புரியவே புரியாது. அந்த நேரத்துல பேனல்லயே 'இது இனி வரும் எல்லா ஃப்ரேமுக்கும்'னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது.

ஷார்ட்கட்டும் அப்படித்தான். கன்ட்ரோல் டி போட்டா ஃபோட்டோஷாப்ல செலக்‌ஷன் போயிடும், இல்லஸ்ட்ரேட்டர்ல கடைசியா பண்ணின நகர்த்தலோ சுழற்றலோ திரும்ப நடக்கும், இன்டிசைன்ல படம் வைக்கிற விண்டோ திறக்கும், மூணும் ஒரே கம்பெனியோடது, ஒரே ஆள் ஒரே நாள்ல மூணையும் மாத்தி மாத்தித் திறக்குறவர். புதுசா பண்றவங்க இப்படி ஒரு குடும்பமா சாஃப்ட்வேர் கொண்டு வந்தா ஷார்ட்கட்டை முதல்லயே ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணுங்க. இன்டிசைன் ஒரு நல்லது செஞ்சுது, பேஜ்மேக்கர், குவார்க்னு வேற லேஅவுட் சாஃப்ட்வேர் பழகின கைக்குன்னு தனித்தனி ஷார்ட்கட் செட் கொடுத்துச்சு, அதை எல்லாரும் பின்பற்றலாம்.

பேரும் ஒண்ணா இருக்கணும், ஒரு மெனுல ஃப்ரேம், இன்னொண்ணுல பாக்ஸ்னு இருந்தா ரெண்டும் வேறவேறன்னுதான் நினைப்பாங்க. நம்பர் போடுற கட்டத்துல யூனிட் இல்லாம வெறும் 10னு காட்டாதீங்க, ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட், 25.4 மில்லிமீட்டர், ரெண்டுக்கும் கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம்.

ஃப்ரேம்ல அடங்காம வழியுற டெக்ஸ்ட் விஷயத்துலதான் எனக்கு மனசே ஆறாது. அந்த வரிகள் திரையிலயும் இருக்காது, அச்சுலயும் வராது, ஃப்ரேம் ஓரத்துல பொடியா ஒரு சிவப்பு ப்ளஸ்தான் இருக்கும், 200 பக்கத்துல அதை யாரு தேடுவா? எழுதினவரோட கடைசி பத்தி காணாமப் போறதை இவ்வளவு சின்னக் குறியீட்டை நம்பி விடக்கூடாது. பிடிஎஃப் எடுக்கும்போது நிறுத்தி, எந்தப் பக்கம், எத்தனை வார்த்தை வெளிய நிக்குதுன்னு சொல்லி, க்ளிக் பண்ணினா நேரா அங்கயே கூட்டிட்டுப் போகணும்.