டர்போ போட்ட எஞ்சினுக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

விலை கூடிய பிளக் போட்டால் பவர் கூடும் என்று நினைத்து இரிடியம் பிளக்கைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. பிளக் பவர் தராது, இருக்கும் பவரைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உதாரணத்துக்கு முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா காரை எடுத்துக்கொள்கிறேன். 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்காவில் வந்தபோது 116 குதிரைத்திறன், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) போட்டு 200 பக்கம் கொண்டுபோகிறவர்கள் ஏராளம்.

முதலில், என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும்தான் என்றால் கம்பெனி சொன்ன பிளக்கையே போடுங்கள், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ், கூட்டிய கம்ப்ரஷன் என்று சிலிண்டருக்குள் சூட்டைக் கூட்டும் மாற்றம் என்றால்தான் அடுத்த படி.

அதுதான் ஹீட் ரேஞ்ச். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஹாட், கோல்டு என்பது பொறியின் சூட்டைப் பற்றியதல்ல, பிளக்கின் நுனி தன் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பதைப் பற்றியது. நுனி சுமார் 500 டிகிரிக்குக் கீழேயே இருந்தால் அதில் படியும் கரி எரியாமல் தங்கிவிடும். 800 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் பொறி வருவதற்கு முன்பே நுனியே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும், அது பிஸ்டனில் ஓட்டை போடுகிற சமாச்சாரம். எனவே கூடுதல் சூட்டுக்கு கோல்டு பிளக். 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி கோல்டு என்பது பிளக் தயாரிக்கும் என்ஜிகே கம்பெனி சொல்லும் தோராயக் கணக்கு, நம் மியாட்டாவுக்கும் அதுவே சரி: பிகேஆர்6இ-11 இருந்த இடத்தில் பிகேஆர்7இ (நடுவில் வரும் 6, 7தான் ஹீட் ரேஞ்ச்). பாதுகாப்புக்காக என்று நேராக 8, 9 போய்விடாதீர்கள், சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் வண்டியில் பிளக் கரி பிடித்து மிஸ்ஃபயர் ஆகும். இன்னொன்று, என்ஜிகே, டென்சோவில் எண் ஏற ஏற கோல்டு, பாஷில் அப்படியே தலைகீழ். டென்சோவின் 22தான் என்ஜிகேயின் 7.

அளவு விஷயத்தில் சமரசமே கிடையாது. மரை 14 மிமீ, மரையின் நீளம் 19 மிமீ, ஸ்பேனர் 16 மிமீ; பழைய பிளக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் அதிகமான பிளக் பிஸ்டனில் இடிக்கும்.

உலோகத்துக்கு வருவோம். தாமிரக் கரு உள்ள சாதாரண நிக்கல் பிளக் மலிவு, சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் சீக்கிரம் தேயும். அடிக்கடி டியூனிங் மாற்றிக்கொண்டிருக்கும் வரை இதுதான் என் தேர்வு. எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு இரிடியம் போடுங்கள், தப்பில்லை.

அடுத்தது கேப், அதாவது நடு எலக்ட்ரோடுக்கும் வெளிக்கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளி. பிளக் எண்ணின் கடைசியில் வரும் 11 என்றால் 1.1 மிமீ. பூஸ்டில், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும்போது, சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைபட்டிருக்கும்; அந்த இடைவெளியைப் பொறி தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அதிக வோல்டேஜ் கொடுக்கவேண்டும், முடியாவிட்டால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும் வண்டி திக்கித் திக்கிப் போகும், மெதுவாக ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. 0.7 அல்லது 0.8 மிமீக்குக் குறையுங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, வளைந்த வெளிக்கம்பியை மட்டும் நெம்புங்கள், நடு எலக்ட்ரோடில் கை வைக்காதீர்கள். இரிடியத்தில் அந்த நுனி மிகவும் மெல்லியது, பட்டென்று உடையும்.

எஞ்சின் ஆறிய பிறகு மாட்டுங்கள். கடைசி வரை கையாலேயே திருகி, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வையுங்கள். ரெஞ்ச் இல்லையா, வாஷர் உட்கார்ந்ததும் புது பிளக் என்றால் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. மரையில் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், முறுக்கு கூடிவிடும்.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு நாலையும் கழற்றி வெயிலில் பாருங்கள். லேசான பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் சரி. கறுப்புப் பொடியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பிளக் அளவுக்கு மீறி கோல்டு. வெள்ளையாக வெந்து கொப்புளம் கட்டியிருந்தால் ஹாட். வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம், உள்ளே நாக்கிங், அதாவது பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் வெடிப்பது, நடக்கிறது. அப்புறம் பிளக்கை மாற்றிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், பூஸ்டில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு டியூன் செய்தவரிடம் அந்தப் பிளக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.